ஏழாவது வெட்டு

உங்கள் காப்பிக் குடுவையில் போட்டிருக்கும் கோடுகள் தப்பு, லென்ஸ்மன். பத்துக் கோப்பை என்று அச்சடித்திருக்கிற இடத்தில் எட்டுக்கு மேல் வராது. நீங்கள் எனக்கு ஊற்றும்போதே பார்த்துவிட்டேன். எவனோ தொழிற்சாலையில் அடித்த கோட்டை நம்பினால் இப்படித்தான். தினமும் யாரோ ஒருவருக்குக் காப்பி இல்லாமல் போயிருக்கும், ஒருவரை ஒருவர் சந்தேகப்பட்டிருப்பீர்கள்.

சரி, எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் கை வலிக்காத வேகத்தில் சொல்கிறேன். நீங்கள் பேர்கன் நகரத்திலிருந்து இந்தப் பள்ளத்தாக்குக்கு மாற்றலாகி வந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது. எங்கள் ஊர்ப் போலீஸுக்குத் தலைவராக, லென்ஸ்மனாக வந்தவருக்கு எங்கள் ஊர் பீர் காய்ச்சும் வகை தெரிந்திருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. ஆனால் அது தெரியாதவரை உங்கள் மேசைமேல் கிடக்கும் இந்த இரண்டு கோல்களும் உங்களுக்கு வெறும் கோல்கள்தான்.

மரக்கோல் என்னுடையது. எஃகுக் கம்பி ஹால்வாருடையது, இப்போது அவன் மனைவியுடையது. இரண்டும் ஒரே கொப்பரையை அளப்பதற்காகச் செய்தவை.

என் தாத்தாவும் ஹால்வாரின் தாத்தாவும் அண்ணன் தம்பி. பண்ணையை மேல்பண்ணை, கீழ்ப்பண்ணை என்று பிரித்துக்கொண்டபோது வயல், காடு, ஆடு, படகு எல்லாம் சத்தமில்லாமல் பிரிந்துவிட்டன. பீர் காய்ச்சும் செப்புக் கொப்பரையில் வந்து முட்டிக்கொண்டது. அதை இரண்டாக வெட்ட முடியாது. கடைசியில் பாதிரியார் ஒரு தீர்ப்புச் சொன்னார். கொப்பரை மேல்பண்ணைக்கு, அதன் அளவுகோல் கீழ்ப்பண்ணைக்கு. கோல் இல்லாமல் கொப்பரை குருடு, கொப்பரை இல்லாமல் கோல் விறகு. அந்தச் சாக்கிலாவது பங்காளிகள் ஒருவர் வாசலை ஒருவர் மிதிக்கட்டும் என்பது அவர் எண்ணம். நல்ல மனுஷர். பங்காளிகளைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை.

அந்தக் கொப்பரைக்கு அடிப்பாகம் உருண்டை, நடுவில் வயிறு, ஒரு பக்கம் ஒடுக்கு. அதனால் ஒரு விரல் உயரம் என்பது அடியில் ஐந்து லிட்டர், நடுவில் பத்து லிட்டர். சாதாரணக் கோல் அதில் பொய் சொல்லும். என் கோலில் ஏழு வெட்டுகள், ஒன்றுக்கொன்று இடைவெளி வேறு வேறு. விடியற்காலையில் ஆரம்பித்து, ஜூனிபர் கிளை போட்டுக் காய்ச்சின தண்ணீரை மால்ட்டில், அதாவது முளைகட்டிக் காயவைத்து அரைத்த பார்லியில் ஊற்றி, சாற்றை வடித்துக் கொப்பரையில் ஏழாவது வெட்டு வரை நிரப்புவோம். அதற்கு மேல் விளிம்புக்கு எட்டு விரல் இடம் இருக்கும். அது நுரைக்கு. முதல் கொதி வரும்போது நுரை எழும்பும், கசப்புக்காக ஹாப்ஸ் பூவைப் போட்டால் இன்னும் எழும்பும். எட்டு விரல் இருந்தால் எழும்பி அடங்கிவிடும். பிறகு நாலாவது வெட்டுக்கு இறங்கும்வரை, அதாவது பாதியாக வற்றும்வரை, நாலரை மணி நேரம் கொதிக்க வேண்டும். அதற்கு முன்னால் இறக்கினால் அது பீர் இல்லை, கழுநீர். எங்களுக்குக் கடிகாரமும் அந்தக் கோல்தான்.

வற்றி, ஆறி, தொட்டியில் ஊற்றி, பொழுது சாய்ந்த பிறகுதான் ஈஸ்ட் போடுவோம். போடும்போது தொண்டை கிழியக் கத்த வேண்டும். ஏன் என்று கேட்காதீர்கள், கத்தாமல் போட்டால் பீர் சோகையாகிவிடும் என்பார்கள். வீட்டிலிருப்பவர்கள் பதிலுக்குக் கத்துவார்கள். கத்தினவனே வெளியே வந்து கூப்பிடும்வரை யாரும் அடுப்புவீட்டுக் கதவை, வீட்டுக்கு வெளியே தனியாக இருக்கும் பீர் காய்ச்சும் கொட்டகையின் கதவை, திறக்க மாட்டார்கள். திறந்தால் ஈஸ்ட் பயந்துகொள்ளுமாம். இந்தக் கதை உங்களுக்கே தெரியும். வந்த முதல் டிசம்பரில் ஆற்றங்கரைப் பண்ணையில் கொலை விழுகிறது என்று நீங்கள் ஜீப்பை எடுத்துக்கொண்டு ஓடினீர்கள். அவர்கள் உங்கள் கையில் ஒரு கிண்ணத்தைக் கொடுத்து அனுப்பினார்கள். ஊரே ஒரு மாதம் சிரித்தது. அலறல் கேட்டு ஓடின ஒரே ஆள் நீங்கள்தான்.

என் அப்பா இறந்த வருஷத்திலிருந்து கோல் என் கையில். முப்பத்தோரு வருஷம். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கீழ்ப்பண்ணையில் நாற்பது ஆடு, ஒரு நாய், ஒரு ரேடியோ. அது குறையாக எனக்குத் தெரிந்ததில்லை, ஏனென்றால் கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஒரு நாள், வைக்கோல் அறுப்புக்கு முன்னால் ஒரு நாள், மேல்பண்ணையில் நான் போகாமல் தீ மூட்ட மாட்டார்கள். நான் படியில் ஏறிக் கோலை நட்டநடுவில் இறக்கித் தூக்கிப் பார்த்து, "விடு" என்பேன், ஹால்வார் சாற்றை விடுவான். "போதும்" என்பேன், நிறுத்துவான். அவன் கொப்பரைக்குள் எட்டிக்கூடப் பார்க்க மாட்டான். என் முகத்தைத்தான் பார்ப்பான். நாங்கள் எல்லோருமே அப்படித்தான், கொப்பரையைப் பார்க்கிற வழக்கம் எங்களுக்கு இல்லை, கோலைத்தான் பார்ப்போம். பீர் தயாரானதும் தொட்டியிலிருந்து எடுக்கும் முதல் கிண்ணம் எனக்கு. கோல்காரனுக்கு முதல் கிண்ணம் என்பது தாத்தா காலத்து ஏற்பாடு.

இப்போது ரூனே. ஹால்வாரின் மாப்பிள்ளை, ஸ்டவாங்கரில் எண்ணெய்க் கம்பெனியில் என்ஜினியர். போன அக்டோபரில் மாமனார் வீட்டுக்கு வந்தவன் ஈரம் படாமலிருக்க நான் அடுப்புவீட்டு ஆணியிலேயே மாட்டி வைத்திருக்கும் என் கோலை எடுத்துப் பார்த்தான். நான் அப்போதுதான் கூரைக்கு ஓடு மாற்றிக் கொடுக்கப் போயிருந்தேன். அதுவும் கூலிக்கு இல்லை.

"இது என்ன பெரியவரே, ஆடு மேய்க்கிற கம்பா?" என்றான்.

அளவுகோல் என்றேன். அதன் கதையையும் சொன்னேன். அவன் காதில் வாங்கிக்கொண்டே அந்தக் கோலால் நாயின் முதுகைச் சொறிந்துகொண்டிருந்தான். என் கோலால், லென்ஸ்மன். நாய்க்கு அது பிடித்திருந்தது.

"மாமா, இத மியூசியத்துல வெக்கலாம்," என்றான் ஹால்வாரிடம். "பக்கத்துலயே இவரயும் நிக்க வெச்சுட்டா டிக்கெட் போடலாம்."

ஹால்வார் சிரித்தான். முதலில் அடக்கிப் பார்த்தான், முடியவில்லை, சிரித்துவிட்டான். மாப்பிள்ளைக்கு உபசாரமாகச் சிரித்தான் என்று நீங்கள் சொல்லலாம், அவன் மனைவி ஹெர்போர்க்கும் அப்படித்தான் சொன்னாள். சிரிப்பில் உபசாரச் சிரிப்பு எவ்வளவு, உள்ளேயிருந்து வந்த சிரிப்பு எவ்வளவு என்று எனக்கு அளக்கத் தெரியும். அன்றைக்கு முக்கால் பங்கு உள்ளேயிருந்து வந்தது. எனக்கு அவமானமாக இருந்தது, அந்த நிமிஷத்திலிருந்து அவனை வெறுத்தேன். இதில் மறைக்க ஒன்றுமில்லை.

அடுத்த வாரம் ரூனே இந்த எஃகுக் கம்பியைக் கொண்டுவந்தான். கம்பெனிப் பட்டறையில் செய்தது, கை வைத்தால் வழுக்கும். கூடவே சாற்றைச் சீக்கிரம் ஆற்றுவதற்கு ஒரு செப்புக் குழாய்ச் சுருளும். கம்பியில் பென்சிலால் சம இடைவெளி விட்டுக் கோடு போட்டிருந்தான். நான் வாளியைத் தராசில் வைத்து, பத்துக் கிலோ தண்ணீர் அளந்து, பத்து முறை கொப்பரையில் ஊற்றி, அவன் கம்பியை இறக்கிக் காட்டினேன். நூறு லிட்டருக்கு அது எழுபத்தாறு என்றது. என்ஜினியர் தன் பென்சில் கோடுகளைக் கட்டைவிரலால் அழித்தான். அதில் எனக்குக் கிடைத்த சந்தோஷம் ஒரு சாயங்காலம்கூடத் தாங்கவில்லை. ஏனென்றால் ஹால்வார் என் தோளில் கையைப் போட்டு இப்படிச் சொன்னான்.

"அப்ப நீயே கோடு போட்டுக் குடுத்துடுடா, அன்ஃபின். உன்ன விட்டா யாருக்குத் தெரியும். ஒருதடவ போட்டுட்டா அப்பறம் உனக்கும் அலைச்சல் இல்ல. முப்பத்தோரு வருஷம் புகையில நின்னுட்ட, ஐம்பத்தெட்டு வயசாச்சு. இந்தக் கிறிஸ்துமஸுக்கு வா, அடுப்பங்கரையில உக்காந்து சூடா சாப்பிடு. மொத கிண்ணம் எப்பவும் போல உனக்குத்தான்."

அளக்காதவனுக்கு முதல் கிண்ணம் கொடுத்தால் அதற்குப் பெயர் பிச்சை. ஆற்றைக் கடக்கும்வரை அண்ணன் தம்பி, கடந்த பிறகு நீ யாரோ நான் யாரோ. அதையும் என் கையாலேயே செய்யச் சொல்கிறான், அன்பாக, தோளில் கை போட்டு. சரி என்றேன்.

இரண்டு நாள் வேலை. முதல் நாள் ஆறு கோடுகள் போட்டேன். வாளி வாளியாக நிறுத்து ஊற்றி, தண்ணீர் அசைவு அடங்கும்வரை காத்திருந்து, அரத்தால் கீறி, மறுபடி இறக்கிச் சரிபார்த்தேன். அந்த ஆறும் என் கோலைவிடச் சுத்தம். ஏழாவதை மறுநாள் காலையில் போட்டேன். அதற்கும் அதே வாளி, அதே தராசுதான். அவசரப்படவில்லை.

டிசம்பர் இரண்டாவது சனிக்கிழமை மேல்பண்ணையில் காய்ச்சினார்கள். என்னைப் பன்னிரண்டு மணிக்குச் சாப்பிட வரச் சொல்லியிருந்தார்கள். பன்னிரண்டேகாலுக்குத் தோட்டத்து வழியாக ஏறிப் போனேன். வழியில் அடுப்புவீட்டு வாசலில் ஹால்வார் நின்றிருந்தான், முகமெல்லாம் கரி. இரண்டு வார்த்தை பேசினோம். அவன் உள்ளே போனான், நான் வீட்டுக்குப் போனேன். அதாவது அந்த நேரத்தில்தான் கொப்பரை நிரம்பிக்கொண்டிருந்தது, இன்னும் கொதிக்கக்கூட ஆரம்பிக்கவில்லை. இது எனக்கு மட்டும் தெரியும். ஹெர்போர்க் காலையிலிருந்து தேவாலயத்தில் விற்பனை மேசையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தாள். ரூனேயும் ஹால்வாரின் மகள் ராண்டியும் காரிலிருந்து பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

காலையில் போகுமுன்பே ஹெர்போர்க் ஆட்டுத்தலையைச் சிறு தீயில் ஏற்றிவிட்டுப் போயிருந்தாள். கூடவே உருளைக்கிழங்கு, முள்ளங்கி மசியல்; எல்லாம் மேசைக்கு வர ஒன்றேகால் ஆகிவிட்டது. என்னை ஜன்னலோரம் உட்கார வைத்தார்கள், அது மேல்பண்ணையில் விருந்தாளிகள் உட்காரும் இடம். முப்பத்தோரு வருஷத்தில் நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததே இல்லை, எப்போதும் கரிக்கையோடு வாசல் பலகையில்தான் சாப்பிடுவேன். ராண்டி என் மடியில் துணி விரித்தாள். எல்லோரும் என்னிடம் நன்றாகத்தான் நடந்துகொண்டார்கள்.

ஒன்றரை மணிக்கு அந்தக் கூச்சல் வந்தது.

ரூனே கத்தியைக் கீழே வைத்துவிட்டு ஜன்னலைத் திறந்து பதிலுக்குக் கத்தினான். ஊர்ப் பழக்கத்தைக் கற்றுக்கொண்டுவிட்ட பெருமை அவனுக்கு. ஹெர்போர்க் மட்டும் கரண்டியைப் பிடித்தபடி நின்றாள். அவள் என்னைத்தான் கேட்டாள்.

"இப்பவேவா? பொழுதே சாயலையே. நேரம் சரிதானா, அன்ஃபின்?"

நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பன்னிரண்டேகாலுக்கு நிரப்பினால் முதல் கொதி ஒன்றரைக்கு. ஹாப்ஸ் போடுகிற நேரம். ஏழிலிருந்து நாலுக்கு இறங்க நாலரை மணி நேரம். ஆறு மணிக்கு முன்னால் அந்தக் கொப்பரை பக்கத்தில் யாரும் ஈஸ்டை எடுத்துக்கொண்டு போக முடியாது. சுற்றுவட்டாரத்தில் இந்தக் கணக்கு என்னைப்போல் சுத்தமாகத் தெரிந்த இன்னொரு ஆள் இருந்தான், அவன்தான் கத்திக்கொண்டிருந்தான்.

"புதுச் சாமானெல்லாம் வந்திருக்குல்ல," என்றேன். "சீக்கிரமா ஆகும்."

அவள் சமாதானமாகிவிட்டாள். நான் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்பது அந்த வீட்டில் பழகிப்போனது.

ஆட்டுத்தலையில் கண்ணை முதலில் தின்ன வேண்டும், லென்ஸ்மன். ஆறினால் கொழுப்பு உறைந்து மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். தட்டில் கண் இருந்தது. தின்றேன்.

இரண்டாவது கூச்சலும் வந்தது. "மாமா ரெண்டாவது தடவ கத்துறாரு, இந்த வருஷச் சரக்கு ஆளத் தூக்கிரும்," என்றான் ரூனே. சிரித்தார்கள். போன வருஷத்துப் பீரில் கடைசிப் பானையை ஹெர்போர்க் எடுத்து வைத்திருந்தாள். அதைக் கிண்ணங்களில் ஊற்றி, அடுப்புவீட்டுப் பக்கம் திரும்பி உயர்த்தினார்கள். நானும் உயர்த்தினேன். மூன்றாவது ஒன்று வந்தது, அது கூச்சல் இல்லை. அதைக் கேட்டது நான் மட்டும், ஏனென்றால் நான் மட்டும்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

சுவர்க்கடிகாரம் எனக்கு எதிரே இருந்தது. பதினெட்டு நிமிஷம். அதற்குப் பிறகு ராண்டி அப்பாவுக்கு ஒரு தட்டில் கன்னக்கறி எடுத்துக்கொண்டு போனாள். கதவைத் திறப்பதற்கில்லை, வாசலில் வைத்துவிட்டு வருவதாகச் சொல்லிவிட்டுத்தான் போனாள். கதவுக்கடியிலிருந்து பழுப்பாக வழிந்து பனி உருகியிருந்ததை அவள்தான் முதலில் பார்த்தாள்.

உள்ளே எப்படி இருந்தது என்று ரூனே எழுதிக் கொடுத்திருப்பான். நான் கூட்டிக் குறைக்க ஒன்றுமில்லை. ஹால்வார் படிமேல் நின்று ஹாப்ஸைக் கொட்டியிருக்கிறான், நுரை எழும்பி முன்பக்கமாக வந்திருக்கிறது, பின்னால் நகர இடமில்லாமல் விழுந்திருக்கிறான். மால்ட் சாறு தண்ணீர் மாதிரி வழிந்தோடாது. அது சர்க்கரைப் பாகு, பட்ட இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். கால் எழும்பாமல் கதவுவரை தவழ்ந்து வந்திருக்கிறான். கதவின் உட்பக்கம் அவன் கை பட்ட பிசுபிசுப்பு இருந்தது. தாழ்ப்பாளுக்கு ஒரு சாண் கீழே. நான் அளந்து பார்த்தேன். கதவுக்கு வெளியே முழங்கால் ஆழத்துக்குப் பனி கிடந்தது, எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு குளிர்ச்சி. உடனே அதில் கிடத்தியிருந்தால் பிழைத்திருப்பான் என்று பேர்கனில் டாக்டர் சொன்னாராம். செவ்வாய்க்கிழமை இறந்தான்.

அன்றைக்கு அவனைக் காரில் ஏற்றிக்கொண்டு எல்லோரும் போனபிறகு நான் மட்டும் நின்றேன். அடுப்புவீடு அலங்கோலமாகக் கிடந்தது. என் கோல் அதே ஆணியில் தொங்கியது. எடுத்துக் கொப்பரையில் இறக்கிப் பார்த்தேன். வழிந்தது போக ஏழாவது வெட்டுக்கு ஒரு விரல் குறைவாக இருந்தது. அதாவது கிட்டத்தட்ட முதலிலேயே இருந்திருக்க வேண்டிய அளவு. நல்ல சாறு. அதை வீணாக்க எனக்கு மனம் வரவில்லை. தீயை மறுபடி மூட்டினேன். நாலாவது வெட்டுக்கு இறங்கும்வரை நின்றேன், ஆற்றினேன், பீப்பாயில் கீழ்ப்பண்ணைக்குக் கொண்டுபோய் ஈஸ்ட் போட்டேன். கத்தவில்லை. அன்றைக்கு வேண்டிய அளவு கத்தியாகிவிட்டது.

சவ அடக்கத்துக்குப் பீர் வேண்டும். அது இந்த நார்வேயில் எங்கே போனாலும் உண்டு, எங்கள் பக்கம் கொஞ்சம் கூடுதலாக உண்டு. ஹெர்போர்க் அழுதுகொண்டே யார் வீட்டில் கேட்பது என்றாள். என்னிடம் இருக்கிறது என்றேன். கீழ்ப்பண்ணையிலிருந்து பீப்பாயில் கொண்டுவந்து இறக்கினேன். எந்தக் கொப்பரை, எந்தச் சாறு என்று யாரும் கேட்கவில்லை. நீங்களும் வந்திருந்தீர்கள். இரண்டு கிண்ணம் குடித்தீர்கள், மூன்றாவதை வேண்டாமென்று கையால் மூடினீர்கள். நன்றாயிருக்கிறது என்று என்னிடம் நீங்களே சொன்னீர்கள். நன்றாகத்தான் இருந்தது. அந்த முகத்தை இப்போது வைத்துக்கொள்ள வேண்டாம், குடித்தபோது உங்களுக்குத் தெரியாதே.

பிறகு ரூனே அடுப்புவீட்டைக் கழுவி விடப் போயிருக்கிறான். கழுவினவன் சும்மா இருக்காமல் இரண்டு கோலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறான். ஆறு கோடு ஆறு வெட்டுக்கு நேர். ஏழாவது மட்டும் நாலு விரல் மேலே. நுரைக்கு எட்டு விரல் இருக்க வேண்டிய இடத்தில் நாலு. அவன் கம்பியோடு உங்களிடம் ஓடிவந்தான், நீங்கள் எனக்கு ஆள் அனுப்பினீர்கள்.

காலையில் நீங்கள் என்னிடம் தன்மையாகத்தான் பேசினீர்கள். வயதான கை, ஏழு கோட்டில் ஒன்று தவறியிருக்கலாம், இல்லையா என்றீர்கள். வாளியை எண்ணுவதில் ஒன்றிரண்டு கூடியிருக்கலாம் என்றீர்கள். நான் ஆமாம் என்றிருந்தால் விபத்து என்று எழுதி, எனக்கு இன்னொரு காப்பி ஊற்றி, வீட்டுக்கு அனுப்பியிருப்பீர்கள். உங்கள் நல்ல மனசு எனக்குப் புரிகிறது. ஆனால் யோசித்துப் பாருங்கள். நாளைக்குக் கடையில், தேவாலயத்தில், படகுத்துறையில், அன்ஃபின் அளவு தவறிப்போச்சு, அதனால் ஹால்வார் செத்துப்போனான் என்று பேசுவார்கள். பாவம், வயசாச்சு என்பார்கள். அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டு என்னால் இந்த ஊரில் இருக்க முடியாது. என் கை தவறாது. முப்பத்தோரு வருஷத்தில் ஒரு விரல் தவறினது கிடையாது. அந்தக் கோடு எங்கே இருக்கிறதோ அங்கே போட வேண்டும் என்று நினைத்து, நாலு வாளி கூடுதலாக நிறுத்து ஊற்றி, அசைவு அடங்கின பிறகு, அரத்தால் கீறினது. வேண்டுமானால் கொப்பரையில் தண்ணீர் ஊற்றிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள், நாற்பது லிட்டருக்கு ஒரு கிண்ணமும் கூடக் குறைய இருக்காது.

அளக்கிற நாழி அகவிலை அறியுமா என்று கேட்பார்கள். எனக்குத் தெரிந்துதான் இருந்தது.

கொல்ல நினைத்தாயா என்கிறீர்கள். இல்லை என்றுதான் ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். நுரை வழியட்டும், தரை நாறட்டும், பாதிச் சாறு போகட்டும், மாப்பிள்ளையின் கம்பியைத் தூக்கி எறிந்துவிட்டு என்னிடம் வரட்டும், அவ்வளவுதான் என்று. கையில் கொஞ்சம் சுட்டால் தேவலை என்றும் நினைத்தேன். ஆனால் நான் அளவு தெரிந்தவன். நாலு விரலுக்கு என்ன ஆகும் என்று கணக்குப் போடாமல் கோடு போட்டேன் என்று சொன்னால் அது பொய்யாகிவிடும். அப்புறம் அந்தப் பதினெட்டு நிமிஷம் வேறு இருக்கிறது.

இன்னும் ஒன்று பாக்கி. அடுப்புவீட்டு வாசலில் இரண்டு வார்த்தை பேசினோம் என்றேனே, அதையும் எழுதிவிடுங்கள். நான் தோட்டத்து வழியாக வருவதை அவன் பார்த்துக்கொண்டே நின்றான். எனக்காகத்தான் நின்றிருந்தான். கையில் இந்தக் கம்பி.

"அன்ஃபின், ஒரு நிமிஷம் வாயேன்," என்றான். "இந்த மேல் கோடு ரொம்ப ஒசரத்துல இருக்கற மாதிரி தெரியுதுடா. கொப்பரை இவ்வளவு நெறஞ்சு நான் பாத்ததே இல்ல. இன்னும் நாலு வாளி விடச் சொல்லுது. எனக்கு மனசு கேக்கல, அதான் உன்னக் கேட்டுட்டு விடலாம்னு நிக்கறேன்."

நான் உள்ளே எட்டிப் பார்த்தேன். சாறு மிகச் சரியாக ஏழாவது வெட்டு இருக்க வேண்டிய இடத்தில் நின்றிருந்தது. அவன் கண்ணே அதைக் கண்டுபிடித்துவிட்டது, முப்பத்தோரு வருஷத்தில் முதல் முறையாக.

என் கோலின் அடி அறுபது வருஷமாகச் செம்பில் குத்திக் குத்தித் தேய்ந்துவிட்டது என்றேன். அதனால் அதன் வெட்டெல்லாம் இறங்கிவிட்டது, இத்தனை நாளும் நாம் தாத்தா காலத்து அளவைவிடக் குறைவாகத்தான் காய்ச்சிக்கொண்டிருந்தோம், கம்பிதான் சரி என்றேன். கோல் அடி தேய்வது உண்மைதான். ஒரு நூல் தேய்ந்திருக்கலாம். மற்ற ஆறு கோடும் அதே இடத்தில்தானே இருக்கிறது என்று அவனுக்குக் கேட்கத் தோன்றவில்லை.

"அப்ப விடட்டுமா?" என்றான். கம்பியைப் பார்க்கவில்லை, கொப்பரையையும் பார்க்கவில்லை. பழையபடி என் முகத்தைத்தான் பார்த்தான்.

"விடு," என்றேன்.

அவன் முகம் தெளிந்தது. நீ சொன்னால் சரி என்று உள்ளே போனான். அதை அப்படியே, ஒரு வார்த்தை விடாமல் எழுதுங்கள், லென்ஸ்மன், ஊரில் எல்லோருக்கும் தெரியட்டும். எஃகுக் கம்பி வந்த பிறகும், மாப்பிள்ளை வந்த பிறகும், கடைசிவரைக்கும் என்னைக் கேட்காமல் அவன் அந்தக் கொப்பரையை நிரப்பவில்லை.